159 கவுண்டிகளும் ஒரு தலைநகரமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டா என்ற ஊரில் சில ஆண்டுகளாக வசிக்கிறேன். அமெரிக்கத் தென்மாநிலங்களைப் பற்றி எழுதும்போது, அங்கே மாநில அரசுக்கும் நகரத்துக்கும் இடையில் தீராத பிணக்கு உண்டு என்று ஒருமுறை ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அந்த வரியை விளக்க வேண்டுகிறேன். இவ்வளவு பெரிய நகரம் தலைநகராக இருந்தும் மார்ட்டா என்ற அதன் நகர ரயில் எங்கள் ஊரை எட்டவில்லை. மாநிலத்தின் பழைய பல்கலைக்கழகமோ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஏதென்ஸ் என்ற சிறிய ஊரில் இருக்கிறது. நம் மாவட்டங்களைப் போன்ற கவுண்டிகள் இத்தனை எதற்கென்றும் புரியவில்லை. மகளை இந்த ஆண்டு அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டு வந்தேன். அங்கே ஒரு கட்டடத்தின் பெயரைக் காட்டி, "ஹோம்ஸ், ஹன்டர் என்பவர்கள் யார் அப்பா?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
செ., ஆல்ஃபரெட்டா

அன்புள்ள செ.,

ஒற்றை வரியில் கடந்து போனது என் பிழைதான். உங்கள் மகளின் கேள்விக்குப் பதில் சொல்லவே எனக்கு அதிக ஆவல். ஆனால் அந்தப் பதிலுக்குப் போகும் வழி கவுண்டியில் தொடங்குகிறது, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தொடங்குகிறது.

ஆல்ஃபரெட்டா 1931ஆம் ஆண்டின் கடைசி நாள்வரை மில்டன் என்ற தனிக் கவுண்டியின் தலைமையிடமாக இருந்தது. பொருளாதார மந்தத்தில் நொடித்துப்போன மில்டனும், தெற்கே இருந்த கேம்ப்பெல் கவுண்டியும் 1932 தொடக்கத்தில் அட்லாண்டா அடங்கிய ஃபுல்டன் கவுண்டியோடு இணைந்தன. 161ஆக இருந்த எண்ணிக்கை 159ஆயிற்று. டெக்சஸில் 254 கவுண்டிகள் உண்டு. அதற்கு அடுத்தபடி அதிகம் ஜார்ஜியாவில்தான். கோவேறு கழுதை வண்டியில் கிளம்பும் உழவர் கவுண்டி நீதிமன்றத்தில் வேலையை முடித்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக இவ்வளவு சிறிதாகப் பிரித்தார்கள் என்று அங்கே சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு கவுண்டிக்கும் சட்டமன்றத்தில் குறைந்தது ஓர் உறுப்பினர் உண்டு என்ற ஏற்பாடு, கவுண்டி பெருகப் பெருகக் கிராமப்புறத்தின் கை ஓங்குவதற்கு வழி செய்தது என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அந்த ஏற்பாட்டின் உச்சமாக 1917இல் 'கவுண்டி அலகு முறை' சட்டமாயிற்று. ஜனநாயகக் கட்சியைத் தவிர வேறு கட்சி வெல்ல வழியே இல்லாத அக்கால ஜார்ஜியாவில், அக்கட்சியின் வேட்பாளரைத் தீர்மானிக்கும் முதல்நிலைத் தேர்தலே உண்மையான தேர்தல். அதில் வாக்குகளை மாநிலம் முழுவதற்குமாகக் கூட்டுவதில்லை. மக்கள்தொகையில் முதல் எட்டு கவுண்டிகளுக்கு ஆளுக்கு 6 அலகுகள், அடுத்த முப்பதுக்கு 4, எஞ்சிய 121 கவுண்டிகளுக்கு 2 என மொத்தம் 410 அலகுகள்; ஒரு கவுண்டியில் முந்துகிறவருக்கு அதன் அலகுகள் முழுவதும் சேரும். 1960இல் ஃபுல்டனில் 5,56,326 பேர் வாழ்ந்தார்கள். எக்கோல்ஸ் கவுண்டியில் 1,876 பேர். முன்னதற்கு ஆறு அலகு, பின்னதற்கு இரண்டு. அதாவது எக்கோல்ஸில் 938 பேருக்கு இருந்த எடை ஃபுல்டனில் 92,721 பேருக்கு இருந்தது. கறுப்பின மக்கள் திரண்டு வாக்களிக்க வாய்ப்புள்ள இடம் நகரம்தான் என்பதால், நகரத்தைச் சுருக்கி வைப்பது அவர்களைச் சுருக்கி வைப்பதும் ஆயிற்று. கிராமப்புறத்தின் நியாயமான அச்சங்களை நான் மறுப்பவன் அல்லன். ஆயினும் இந்த முறை உழவருக்காக நின்றது என்று எவரேனும் சொன்னால் என்னால் ஏற்க இயலாது.

இந்த முறையை நன்றாக அறிந்து ஆண்டவர் ஆளுநர் யூஜீன் டால்மட்ஜ். (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்கில் வரும் ஆட்சித்தலைவர், நம் முதலமைச்சரோடுதான் ஒப்பிட வேண்டும்.) டிராம் ஓடும் எந்தக் கவுண்டியின் வாக்கும் தமக்குத் தேவையில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாராம். 1941இல் அவருடைய கை பல்கலைக்கழகத்தின் மேல் விழுந்தது. ஏதென்ஸில் கல்வியியல் கல்லூரித் தலைவராக இருந்த வால்டர் காக்கிங், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து பயிலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு ஆதரவாகப் பேசினார் என்ற குற்றச்சாட்டின் பேரில் அவரை நீக்கச் சொன்னார். பல்கலைக்கழகங்களை ஆளும் ஆட்சிக்குழு விசாரித்து, 8-க்கு 7 என்ற கணக்கில் மறுத்தது. ஆளுநர் குழு உறுப்பினர்களில் மூவரை மாற்றினார். மறுபடி நடந்த வாக்கெடுப்பில் 10-க்கு 5 என்று காக்கிங் நீக்கப்பட்டார். ஸ்டேட்ஸ்பரோவில் ஆசிரியர் கல்லூரித் தலைவராக இருந்த மார்வின் பிட்மனும் அப்படியே அனுப்பப்பட்டார்.

அந்த ஆண்டு டிசம்பரில், தென்மாநிலக் கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் சங்கம், ஜார்ஜியா அரசு வெள்ளையருக்காக நடத்திய கல்லூரிகள் அனைத்தின் அங்கீகாரத்தையும் பறித்தது. அரசியல் தலையீடு என்பதே காரணம். பட்டத்துக்குப் பிற மாநிலங்களில் மதிப்பில்லை என்ற நிலை வந்தவுடன் மாணவர்கள் கிளர்ந்தார்கள். ஆளுநரின் உருவ பொம்மையை எரித்தார்கள். இந்த வரலாற்றில் என் மனம் மிகவும் தங்கி நிற்கும் இடம் இதற்கு அடுத்து வருவது. 1942 தேர்தலில் டால்மட்ஜை எதிர்த்து நின்ற எல்லிஸ் ஆர்னலுக்காக மாணவர்கள் வேலை செய்தார்கள். வாக்களிக்க இருபத்தொரு வயது ஆகவேண்டிய காலம் அது, ஆகையால் பலருக்கு வாக்கு கிடையாது. அவர்கள் தம் சொந்தக் கவுண்டிகளுக்குப் போய்ப் பெற்றோரிடமும் உறவினரிடமும் ஊராரிடமும் வாக்குக் கேட்டார்கள். டால்மட்ஜின் கோட்டையாக இருந்த இரண்டு அலகுக் கவுண்டிகளின் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆர்னல் வென்றார். ஆட்சிக்குழு ஆளுநரின் பிடியிலிருந்து விடுபட்டு அரசமைப்புச் சட்டப் பாதுகாப்பு பெற்றது. அங்கீகாரமும் திரும்பி வந்தது. 1943இல் வாக்குரிமை வயதைப் பதினெட்டாகக் குறைத்த முதல் அமெரிக்க மாநிலம் ஜார்ஜியா ஆயிற்று. இருந்தும், ஆர்னலும் இனப்பிரிவினையை எதிர்த்துப் பேசி வென்றவர் அல்லர் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் உண்மையை மறைத்தவன் ஆவேன். வெள்ளை மாணவர்களின் பட்டத்துக்கு வந்த ஆபத்தே அந்தத் தேர்தலை நடத்தியது. அந்தக் கல்லூரிகளின் வாசலில் கறுப்பின மாணவர் எவரும் அப்போதும் நுழைய முடியவில்லை.

அலகு முறை மட்டும் அசையவில்லை. 1946இல் ஜேம்ஸ் கார்மைக்கேல் அதிக வாக்குகள் பெற்றும், அலகுகளில் முந்திய டால்மட்ஜே வேட்பாளர் ஆனார். பதவியேற்பதற்கு முன்பே டிசம்பரில் அவர் இறந்துபோக, சட்டமன்றம் தேர்ந்தெடுத்த அவருடைய மகன் ஹெர்மன், பதவி விலக மறுத்த ஆர்னல், துணை ஆளுநராகத் தேர்வாகியிருந்த தாம்ப்சன் என ஒரே சமயத்தில் மூவர் ஆளுநர் பதவிக்கு உரிமை கோரினார்கள். மாநில முத்திரையைப் பொறுப்பில் வைத்திருந்த பென் ஃபோர்ட்சன், எவரிடமும் அதைக் கொடுக்காமல் தம் சக்கர நாற்காலியின் மெத்தைக்கு அடியில் ஒளித்து அதன்மேல் அமர்ந்திருந்தார். 1947 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் தாம்ப்சனே பொறுப்பு ஆளுநர் என்று தீர்த்தது.

இனி ஏதென்ஸ். அட்லாண்டாவை விட்டுவிட்டு ஏன் அங்கே வைத்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அப்போது அட்லாண்டா என்ற ஊரே இல்லை. பல்கலைக்கழகத்தின் சாசனம் 1785இல் எழுதப்பட்டது. 1801இல் ஜான் மில்லெட்ஜ் ஒகோனி ஆற்றங்கரையில் 633 ஏக்கர் நிலம் வாங்கிக் கொடுத்தார், அங்கே வகுப்புகள் தொடங்கின. அட்லாண்டாவோ 1837இல், அரசு போட்ட ரயில் பாதை முடியுமிடத்தில் நட்ட ஒரு முளைக்குச்சியிலிருந்து பிறந்தது. முதல் பெயரே 'டெர்மினஸ்', அதாவது கடைசி நிலையம். தலைநகரம் மில்லெட்ஜ்வில்லிலிருந்து அங்கே வந்தது 1868இல்தான்.

உள்நாட்டுப் போருக்குப் பின் அட்லாண்டாவில் வேறு வகைக் கல்லூரிகள் எழுந்தன. விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளுக்காக அட்லாண்டா பல்கலைக்கழகம் 1865இலும், பெண்களுக்கான ஸ்பெல்மன் 1881இலும் தொடங்கின. 1867இல் அகஸ்டாவில் தொடங்கிய மோர்ஹவுஸ் பின்னர் அட்லாண்டாவுக்கு வந்தது. இவை தனியார் நிறுவனங்கள். ஆளுநரால் ஆசிரியரை நீக்க முடியாது. கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். மோர்ஹவுஸின் தலைவராக 1940 முதல் 27 ஆண்டுகள் இருந்த பெஞ்சமின் மேஸ், அதற்கு முன்பே வார்தா சென்று காந்தியைச் சந்தித்துத் திரும்பியவர். அவரிடம் பயின்று 1948இல் பட்டம் பெற்றவர் மார்ட்டின் லூதர் கிங். மாநில அரசின் கைக்கு எட்டாத இந்தச் சில தெருக்கள் இல்லாவிட்டால் ஜார்ஜியாவின் பிற்கால வரலாறு வேறாக இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் மகள் கேட்ட இருவரும் அட்லாண்டாவின் டர்னர் உயர்நிலைப் பள்ளியில் படித்த கறுப்பின மாணவர்கள். ஹாமில்டன் ஹோம்ஸ் அவ்வகுப்பின் முதல் மாணவர். ஷார்லேன் ஹன்டர் மூன்றாவது இடம். 1959இல் ஏதென்ஸுக்கு விண்ணப்பித்தார்கள். விடுதியில் இடமில்லை என்று பதில் வந்தது. அடுத்தடுத்த முறையும் அதே பதில். ஹோம்ஸ் மோர்ஹவுஸிலும் ஹன்டர் டெட்ராய்ட்டிலும் படித்துக்கொண்டே வழக்கு நடத்தினார்கள். 1961 ஜனவரியில் நீதிபதி வில்லியம் பூட்டில் அவர்களைச் சேர்க்க ஆணையிட்டார். இரு இனத்தவரும் பயிலும் அரசுக் கல்லூரிக்குப் பணம் தரக்கூடாது என்று 1956இல் இயற்றிய சட்டம் நடைமுறையில் இருந்தது. அதன்படி பல்கலைக்கழகத்தையே மூட வேண்டும். கறுப்பின மாணவர் ஒருவரையும் சேர்க்கமாட்டேன் என்று வாக்களித்துப் பதவிக்கு வந்தவர் ஆளுநர் எர்னஸ்ட் வாண்டிவர். இருவரும் சேர்ந்த சில நாட்களில் ஹன்டரின் விடுதியைச் சூழ்ந்த கும்பல் கல்லெறிந்தது. அவர்களுடைய பாதுகாப்புக்கு என்று சொல்லி இருவரையுமே இடைநீக்கம் செய்தார்கள். நீதிமன்றம் மறுபடி தலையிட, இருவரும் திரும்பி வந்தார்கள். பல்கலைக்கழகத்தை மூடுவதா, சட்டத்தைக் கைவிடுவதா என்ற நிலையில் வாண்டிவர் சட்டத்தைக் கைவிடும்படி சட்டமன்றத்தைக் கேட்டுக்கொண்டார், அது அவ்வாறே செய்தது. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் அட்லாண்டாவின் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியான ஜார்ஜியா டெக் எந்த நீதிமன்ற ஆணையும் இல்லாமலே கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது.

அலகு முறைக்கு முடிவு 1963இல் வந்தது. சாண்டர்ஸ் என்ற அட்லாண்டா வாக்காளர் தொடுத்த வழக்கில், 'ஒருவருக்கு ஒரு வாக்கு' என்ற கோட்பாட்டைச் சொல்லி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கீழ் நீதிமன்றம் முன்பே தடை விதித்திருந்ததால், 1962 முதல்நிலைத் தேர்தலிலேயே வாக்குகள் மாநிலம் முழுவதற்கும் கூட்டி எண்ணப்பட்டன. அவ்வாண்டு லீராய் ஜான்சன் என்ற கறுப்பினத்தவர் மாநில செனட்டுக்குள் நுழைந்தார். அதே செனட்டில் முதன்முறையாக அமர்ந்தவர்களில், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டரும் ஒருவர். மோர்ஹவுஸ் மாணவராக இருந்து, உணவகங்களின் இனப்பிரிவினையை எதிர்த்த போராட்டங்களில் நின்ற ஜூலியன் பாண்ட் 1965இல் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். வியட்நாம் போரை எதிர்த்த அறிக்கையை ஆதரித்ததற்காக அவரை அமரவிடாமல் தடுத்தார்கள், உச்ச நீதிமன்றம் அமர வைத்தது.

ரயில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்ட்டாவில் சேர 1965இல் காப் கவுண்டி மறுத்தது. 1971இல் குவினட்டும் கிளேட்டனும் மறுத்தன. (கிளேட்டன் 2014இல் சேர்ந்தது.) மாநில அரசமைப்புச் சட்டம் எரிபொருள் வரியைச் சாலைக்கும் பாலத்துக்கும் மட்டுமே ஒதுக்குவதால், ரயில் பெரும்பாலும் சேர்ந்த கவுண்டிகளின் விற்பனை வரியையே நம்பி ஓடுகிறது. பழைய மில்டன் ஃபுல்டனோடு இணைந்தமையால் நீங்கள் அந்த வரியைக் கட்டுகிறீர்கள். தண்டவாளமோ நார்த் ஸ்பிரிங்ஸோடு நின்றுவிட்டது. உங்கள் வருத்தம் நியாயமானது.

உங்கள் மகளுக்கு ஹோப் உதவித்தொகை கிடைத்திருந்தால், அது 1993இல் ஆளுநர் ஜெல் மில்லர் மாநில லாட்டரிப் பணத்தில் தொடங்கியது. முதலில் குடும்ப வருமானம் 66,000 டாலருக்கு மேற்படக்கூடாது என்று இருந்த வரம்பை 1995இல் எடுத்துவிட்டார்கள். எடுத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஹோம்ஸ் பின்னர் எமரி மருத்துவக் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்து மருத்துவரானார், 1995இல் காலமானார். ஹன்டர் புகழ்பெற்ற பத்திரிகையாளரானார். அவர்கள் இருவரும் பெயர் பதிந்துகொண்ட கட்டடத்துக்கு 2001இல் அவர்கள் பெயர் சூட்டப்பட்டது. அதன் எதிரில் தெருவோரம் மூன்று தூண்கள் தாங்கும் இரும்பு வளைவு ஒன்று நிற்பதை மகள் பார்த்திருப்பாள். ஃபோர்ட்சன் மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தாரே, அந்த மாநில முத்திரையில் உள்ள வளைவின் வடிவம்தான் அது. பட்டம் பெறும்வரை மாணவர்கள் அதன் கீழே நடக்கக் கூடாது என்பது அங்குள்ள வழக்கம். மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்; அவள் அதன் கீழே நடந்து வரும் நாளில் எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.