எட்டு மணி நேர டிரிப் மூன்று மணி நேரத்துக்குள் காலியானால்

கேள்வி: என் அப்பாவுக்கு 40 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைடு கலந்த ஒரு லிட்டர் சலைனை 8 மணி நேரத்தில் ஏற்றும்படி டாக்டர் எழுதியிருந்தார். காலை 10 மணிக்குப் போட்ட பாட்டில் 12.40-க்கே காலி. உடனே இதயத் துடிப்பு தாறுமாறாகி, ஐசியூவில் சேர்த்தார்கள். அவர் கையை அசைத்ததால்தான் வேகம் கூடியது என்கிறது மருத்துவமனை. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். முதலில் கணக்கைப் பாருங்கள். மொத்த மில்லியை, அந்த டிரிப் செட் (பாட்டிலிலிருந்து கைக்கு வரும் சொட்டுக் குழாய்) ஒரு மில்லிக்கு விடும் சொட்டுகளால் பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். 20 சொட்டு செட்டில் 1000 × 20 ÷ 480, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. 60 சொட்டு மைக்ரோ செட்டில் இதுவே 125. சாதாரண செட்டை மாட்டிவிட்டு மைக்ரோ செட்டின் கணக்கில் 125 சொட்டு ஓடவிட்டால் மணிக்கு 375 மில்லி இறங்கும். ஒரு லிட்டர் முடிய 2 மணி 40 நிமிடம். உங்கள் அப்பாவின் பாட்டில் முடிந்ததும் அதே நேரத்தில்தான். இது வலுவான சந்தேகம். இது மட்டுமே நிரூபணம் ஆகாது.

வேகமாக ஏறினால் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய பொட்டாசியமும் மணிக்கு 5 மில்லிமோலுக்குப் பதில் 15 போயிருக்கிறது. ஈசிஜி மானிட்டர் இல்லாமல் கைநரம்பில் கொடுக்கும்போது 10-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே வழக்கம்.

கை மடங்கினாலோ நீட்டினாலோ, பாட்டிலின் உயரம் மாறினாலோ சொட்டு வேகம் மாறும் என்பது உண்மை. அதற்காகத்தான் போட்ட சிறிது நேரத்திலும், பிறகு அவ்வப்போதும் சொட்டுகளை எண்ணிப் பார்க்கிறார்கள். முதல் மணி முடிவில் பாட்டிலில் 875 மில்லி இருந்திருக்க வேண்டும். மணிக்கு 375 மில்லி வேகத்தில் ஓடியிருந்தால் 625தான் இருந்திருக்கும். பாட்டிலின் அளவுக்கோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும் வித்தியாசம் அது. ஆகவே கை அசைந்ததாகவே வைத்துக்கொண்டாலும், யாரும் வந்து பார்க்கவில்லை என்ற குறை அப்படியே நிற்கிறது. பொறுப்பை ஒரு நர்ஸின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. தன் ஊழியர்களின் கவனக்குறைவுக்கு மருத்துவமனையும் பதில் சொல்ல வேண்டும்.

டாக்டரின் உத்தரவு, திரவ வரவு செலவுத் தாள், நர்ஸ் குறிப்புகள், ஈசிஜி, பொட்டாசியம் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றின் நகல்களை எழுத்து மூலம் கேட்டு, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். செட்டின் உறை கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்பது அதில் அச்சிட்டிருக்கும்.

கடினமான பகுதி இனிமேல்தான். தவறு நடந்தது என்று காட்டினால் போதாது. அந்தத் தவறால்தான் துடிப்பு பாதித்தது என்றும் காட்ட வேண்டும். சிறுநீரகக் கோளாறோ பழைய இதய நோயோ இருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். டிரிப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த பொட்டாசியம் அளவுகளை வைத்து, அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத ஒரு மருத்துவரிடம் எழுத்துபூர்வமாகக் கருத்து வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை எந்தச் சமரசப் பத்திரத்திலும் கையெழுத்திட வேண்டாம்.