அமெரிக்காவில் ரேடியாலஜி ரெசிடென்சி இடம் கிடைக்குமா?

அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு, மருத்துவர் உரிமத் தேர்வின் இரண்டாம் கட்டமான ஸ்டெப் 2-ல் 248 மதிப்பெண், ஒரே ஆய்வுக் கட்டுரை. ரேடியாலஜி ரெசிடென்சியில், அதாவது ஸ்கேன், எக்ஸ்ரே படங்களைப் பார்த்து நோயறியும் துறையின் சிறப்புப் பயிற்சியில், இடம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். 248 கதவை அடைத்துவிடாது. ஆனால் 2022 ஜனவரி முதல், அதே தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-இன் முடிவு தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே வருவதால் ஸ்டெப் 2-க்குக் கனம் கூடிவிட்டது. மங்கிய வெளிச்சத்தில் உங்களை அருகே உட்கார வைத்து சிடி படங்களைக் காட்டிய ரேடியாலஜிஸ்டிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள்.

பலர் சறுக்குவது வேறிடத்தில். நான்காண்டு ரேடியாலஜிக்கு முன் ஓராண்டு மருத்துவப் பயிற்சி கட்டாயம். பல இடங்களில் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தயவுசெய்து மறந்துவிடாதீர்கள்.

எந்தெந்த இடங்களில் சேர விருப்பம் என்று நீங்கள் தரவேண்டிய பட்டியலை மனத்துக்குப் பிடித்த வரிசையிலேயே எழுதுங்கள். எட்டாத இடத்தை முதலில் வைத்தாலும் அடுத்த இடத்துக்கான வாய்ப்பு துளியும் குறையாது. யாருக்கு எந்த இடம் என்று முடிவுசெய்யும் முறையே அப்படித்தான் அமைந்திருக்கிறது.