ஒதுங்கி நின்றால் போதுமா?

அன்புள்ள ஐயா,

ஈராக் போர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எனக்கு ஒன்று புரியவில்லை. ஒரு நாடு தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தால் என்ன? இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் அமெரிக்கா அப்படித்தானே இருந்தது? அடுத்த நாட்டில் படையோடு நுழைந்து நல்லது செய்தவர்கள் யாராவது உண்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

அமெரிக்கா ஒதுங்கி இருந்தது ஐரோப்பாவிடம் மட்டும்தான். அதே காலத்தில் ஹெய்ட்டியில் அதன் படை 1915 முதல் 1934 வரை இருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் நுழைந்துகொண்டு, தூரத்துச் சண்டையில் மட்டும் எனக்குச் சம்பந்தமில்லை என்றார்கள்.

சரி, ஐரோப்பாவிடம் ஒதுங்கியது எப்படி முடிந்தது? ஸ்பெயினைப் பாருங்கள். 1936-ல் அங்கே உள்நாட்டுப் போர் தொடங்கியது. இரண்டு தரப்புக்குமே ஆயுதம் விற்கக்கூடாது என்று 1937 ஜனவரியில் அமெரிக்கா தடை போட்டது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசை எதிர்த்துக் கிளம்பிய தளபதி பிராங்கோவுக்கு ஹிட்லரும் முசோலினியும் விமானங்களும் ஆட்களும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தேர்தலில் வென்று வந்த குடியரசு அரசுதான் காசை வைத்துக்கொண்டு ஆயுதம் தேடி அலைந்தது. கடைசியில் ஸ்டாலினிடம் போய் நின்றது. இதில் இன்னொரு வேடிக்கை, எண்ணெய் அந்தத் தடைக்குள் வரவில்லை. டெக்ஸாகோ கம்பெனி பிராங்கோவுக்குக் கடனுக்கே எண்ணெய் கொடுத்தது. நடுநிலை என்ற பெயரில் ஒரு தரப்பின் கை கட்டப்பட்டது, அவ்வளவுதான்.

நல்லது செய்தவர்கள் உண்டா என்ற கேள்விக்கு எனக்கு உடனே நினைவுக்கு வருவது வியட்நாம். 1978 டிசம்பர் கடைசியில் கம்போடியாவுக்குள் நுழைந்து, இரண்டே வாரத்தில் தலைநகர் புனோம் பென்னைப் பிடித்தது. அங்கே ஆண்டுகொண்டிருந்த போல் பாட்டின் கொலைக்களங்கள் அதோடு நின்றன. அது மனிதாபிமானத்தால் அல்ல. போல் பாட்டின் ஆட்கள் எல்லை தாண்டி வந்து வியட்நாமியக் கிராமங்களைத் தாக்கிக்கொண்டிருந்தார்கள் என்ற கோபத்தால். அப்புறம் வியட்நாம் படை 1989 வரை அங்கிருந்து கிளம்பவும் இல்லை. கம்போடியர்களுக்கு உயிர் கிடைத்தது, பத்து வருட ஆக்கிரமிப்பும் கிடைத்தது. இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? ஐ.நா. எழுதிய கணக்கு இன்னும் விசித்திரம்: கம்போடியாவின் இருக்கையைத் துரத்தப்பட்ட போல் பாட் தரப்பிடமே விட்டுவைத்தது.

எனவே தலையிடலாமா கூடாதா என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உள்ளே போகிறவன் எதை முடித்துவிட்டு வெளியே வருவேன் என்று சொல்கிறான், அதைத்தான் முதலில் பார்க்கிறேன். லிபியாவில் 2011 மார்ச்சில் ஐ.நா. பாதுகாப்பு அவை அனுமதித்தது பொதுமக்களைக் காப்பதற்கு. அது சில மாதங்களிலேயே ஆட்சியைக் கவிழ்க்கும் வேலையாக மாறிவிட்டது. கடாஃபிக்குப் பிறகு என்ன என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இதை இன்று சொல்வது எளிது. அப்போது நான் லிபியாவில் நடந்த குண்டுவீச்சை ஆதரித்தேன். 1994-ல் ருவாண்டாவில் கொலைகள் நடந்துகொண்டிருக்கும்போதே ஐ.நா. தன் படையைச் சில நூறு பேராகக் குறைத்தது மனதில் இருந்தது. லிபிய நகரமான பெங்காசியிலும் அப்படி ஆகிவிடக்கூடாது என்று நினைத்தேன். அந்தப் பயம் தவறு என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.