செகண்ட் ஹேண்ட் டீசல் காரில் டிபிஎஃப் விளக்கு திரும்பத் திரும்ப எரிவது ஏன்?

2020 மாடல் பிஎஸ்6 டீசல் கார், மாதம் இருமுறை டிபிஎஃப் விளக்கு எரிகிறது, சுத்தம் செய்தும் திரும்ப வருகிறது என்கிறீர்கள். சரி, தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்?

டிபிஎஃப் என்பது புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி. சேர்ந்த கரியை வண்டியே அவ்வப்போது எரித்துவிடும். அதற்கு அங்கே சுமார் 600 டிகிரி சூடு வேண்டும்; இஞ்சின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சி அந்தச் சூட்டை உண்டாக்கும். ஆபீசுக்கு ஐந்து கிலோமீட்டர் போய் வண்டியை அணைத்தால் வேலை பாதியில் நின்றுவிடும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், உடனே மாற்றுங்கள்.

வாரம் ஒருமுறை பைபாஸில் அரை மணி நேரம் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஓட்டிப் பாருங்கள். அப்படியும் விளக்கு வந்தால் பழி பெரும்பாலும் வடிகட்டி மேல் இல்லை. கசியும் இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சுவது), அடைத்த ஈஜிஆர் (புகையில் கொஞ்சத்தை இஞ்சினுக்கே திருப்பி அனுப்புவது), ஆயில் கசியும் டர்போ (இஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புவது) என்று ஏதோ ஒன்று அளவுக்கு மீறிப் புகை தள்ளிக்கொண்டிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் டிபிஎஃப்பை எத்தனை முறை கழுவினாலும் காசுதான் கரியாகும். அப்புறம், வடிகட்டியையே கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.