அது கொம்பு இல்ல, மீசை

கடிதம்:

அன்புள்ள அண்ணா,

தண்ணிக்குள்ள இருக்கிற ஒரு பாம்பு வீடியோ பார்த்தேன். மூக்கு நுனியில ரெண்டு கொம்பு, உடம்பு பாசி பிடிச்ச குச்சி மாதிரி, அசையவே இல்ல. திடீர்னு பக்கத்துல இருந்த மீனைக் காணோம். அந்தக் கொம்பை புழு மாதிரி ஆட்டித்தான் மீனை வரவழைக்குதுன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், நிஜமா? இன்னொண்ணு, ஸ்லோ பண்ணிப் பார்த்தா மீனே போய் வாய்ல விழற மாதிரி தெரியுது, என் கண்ணுல கோளாறா? கடிச்சா ஆபத்தா?

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. மீன் தானாத்தான் போய் வாய்ல விழுது. இந்தப் பாம்போட பெரிய அதிசயமே அதுதான், அத நீங்களே பார்த்துட்டீங்க, எனக்கு ரொம்ப சந்தோஷம்.

முதல்ல ஆள் யாருன்னு சொல்லிடறேன். பேரு எர்பெட்டான் டென்டாகுலேட்டம், 1800ல லாசெபேட்னு ஒரு பிரெஞ்சு அறிஞர் பேர் வச்சது. தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் பக்கம் ஏரி, குளம், மெதுவா ஓடுற தண்ணியில இருக்கும். நீளம் ஒரு மீட்டருக்குள்ளதான். வாழ்நாள் பூரா தண்ணிதான், தரையில போட்டா நகரவே திணறும், மூச்சு விட மட்டும் மேல வரும், அதுவும் அரை மணி நேரம் வரைக்கும் வராமலே கிடக்கும். முட்டை போடாது, தண்ணிக்குள்ளயே குட்டி போடும். விஷம் உண்டு, ஆனா லேசானது, பல்லும் வாயோட பின்பக்கம் இருக்கு, மீனுக்குத்தான் அது, மனுஷனுக்கு பயமில்ல.

கொம்பு விஷயம். புழு மாதிரி ஆட்டுதுங்கறது கேட்க பொருத்தமாத்தான் இருக்கு, ரொம்ப நாளா பலரும் அப்படி யூகிச்சிருக்காங்க, ஆனா கெனத் கட்டானியான்னு அமெரிக்காவுல வாண்டர்பில்ட் யூனிவர்சிட்டி ஆய்வாளரும் அவர் கூட இருந்தவங்களும் சோதிச்சுப் பார்த்தப்போ அது அப்படி ஆட்டி மீனை இழுக்கறதுக்கு ஒரு ஆதாரமும் கிடைக்கல. அதுக்குள்ள நரம்பு நெருக்கமா ஓடுது, தண்ணி லேசா அசைஞ்சாலே தெரிஞ்சுடும். கண்ணு தெரியாத இருட்டுலயும் இது மீனைப் பிடிக்கும். கெளுத்திக்கு மீசை இருக்கே, அந்த மாதிரி தொட்டறியற உறுப்புன்னு வச்சுக்கங்க, அதனால நான் இத மீசைப் பாம்புன்னுதான் சொல்றது.

இப்போ வேட்டைக்கு வருவோம். மீன் ஏன் சுலபமா மாட்டாதுன்னா, அதோட மூளையில பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு பெரிய நரம்பு செல் இருக்கு, மௌத்னர் செல்னு பேரு. ஒரு பக்கம் தண்ணி அதிர்ந்தா அந்தப் பக்கத்து செல் சிக்னல் அனுப்பும், எதிர்ப்பக்கத்து தசை சுருங்கும், மீன் பிறை மாதிரி வளைஞ்சு அதிர்ச்சிக்கு எதிர்த்திசையில பாயும். இதெல்லாம் சில மில்லிசெகண்ட்ல. யோசிக்கற வேலையே கிடையாது, ஆரம்பிச்சா நிறுத்தவும் முடியாது. மத்த எதிரிங்க கிட்ட மீனைக் காப்பாத்தறது இதுதான்.

மீசைப் பாம்பு அதையே திருப்பி விடுது. வால வச்சு எதையாவது பிடிச்சுக்கிட்டு, உடம்பு முன்பாதிய தூண்டில் முள்ளு மாதிரி வளைச்சு வச்சிருக்கும், மீன் அந்த வளைவுக்குள்ள வர்ற வரைக்கும் மணிக்கணக்கா காத்திருக்கும். வந்ததும் முதல்ல அசையறது தலை இல்ல, தலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற உடம்பு. அங்க ஒரு சின்ன துடிப்பு. மீன் ஆபத்து அந்தப் பக்கம்னு எடுத்துக்கிட்டு எதிர்ப்பக்கம் திரும்புது, அங்கதான் வாய் இருக்கு! கட்டானியா 2009ல ஹைஸ்பீட் கேமராவுல 120 தடவை படம் பிடிச்சதுல 78 சதவீதம் மீன் பாம்போட தலைய நோக்கித்தான் திரும்பிச்சு. சிலது நேரா வாய்க்குள்ளயே போச்சு.

மீன் பாம்போட தலைக்குக் குறுக்கா நின்னா இந்த வித்தை அப்படியே பலிக்காது, மீன் வாய்க்குப் பக்கவாட்டுல பாயும். அப்போ பாம்பு மீன் இப்போ இருக்கிற இடத்த விட்டுட்டு அதோட தலை அடுத்து எங்க வரப்போகுதோ அங்க குறி வைக்குது, பார்த்துப் பார்த்து திருத்திக்க நேரமே இல்ல, முன்னாடியே முடிவு பண்ணிடுது. இத அனுபவத்துல கத்துக்குதோன்னுதான் யாருக்கும் தோணும். அடுத்த வருஷம் அதையும் சோதிச்சாங்க. லேப்ல பிறந்து மீன் பிடிச்சு அனுபவமே இல்லாத குட்டிங்களுக்கு, கீழ தனி தண்ணியில மீனைக் காட்டினாங்க, பார்க்க முடியும், பிடிக்க முடியாது, அதனால முயற்சி பண்ணி கத்துக்கவும் வழியில்ல. அதுங்களும் மீன் வரப்போற இடத்தத்தான் கொத்திச்சு. இத படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல தம்பி, மீனோட நரம்புல ஓடற கணக்கு இன்னொரு உயிரோட குட்டிக்குள்ள பிறக்கும்போதே இருக்குன்னா, அது எத்தனை தலைமுறை மீனும் பாம்பும் சேர்ந்து எழுதினதா இருக்கணும்.

ஒரு வருத்தமும் இருக்கு. கம்போடியாவுல தோன்லே சாப் ஏரி, கோடையில சுமார் 2,500 சதுர கிலோமீட்டர்தான், மழைக்காலத்துல மேகாங் நதியோட தண்ணி, ஏரியில இருந்து வர்ற ஆத்த பின்னோக்கி ஓட வச்சு ஏரி அஞ்சு ஆறு மடங்கு விரியும், காடு முங்கும், மீனும் பாம்பும் அங்க பெருகும். அங்க வருஷத்துக்கு 69 லட்சம் தண்ணிப் பாம்பு பிடிக்கறாங்கன்னு 2007ல வந்த ஆய்வு கணக்கு சொல்லுது. பெரும்பாலும் வேற இனங்க, ஆனா மீசைப் பாம்பும் அதே வலையில சிக்குது. நிறைய முதலைப் பண்ணைக்கு தீனியா போகுது. பிடிக்கற ஜனங்க ஏழைங்க, மீன் குறைஞ்சதாலதான் பாம்புக்கு வந்தாங்க, அவங்கள திட்ட எனக்கு மனசு வரல, ஆனா பாம்பு எண்ணிக்கை இத தாங்குமான்னு நினைச்சா பயமா இருக்கு.

அந்த வீடியோவ இன்னொரு தடவ ஸ்லோவா போடுங்க. தலைய பார்க்காதீங்க, கழுத்துக்குக் கீழ உடம்பு வளையுதே அந்த இடத்தப் பாருங்க, கொத்தறதுக்கு ஒரு கணம் முன்னாடி அங்க ஒரு துடிப்பு தெரியும்.

அன்புடன்
அண்ணன்