பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவால் முதியோர் பராமரிப்பு நிதியை மாற்ற முடியுமா?

கட்டாயப்படுத்த முடியாது. சுகாதார, சமூகப் பராமரிப்புக் குழு அமைச்சர்களைக் கேள்வி கேட்கலாம், சாட்சியம் வாங்கலாம், அறிக்கை வெளியிடலாம். அரசு வழக்கமாக இரண்டு மாதத்தில் பதில் தர வேண்டும். பணம் ஒதுக்குவது நிதியமைச்சகம்தான்.

இங்கிலாந்தில் என்.எச்.எஸ். எனும் அரசு மருத்துவ சேவையில் சிகிச்சை இலவசம். வயதானவரைக் குளிப்பாட்ட, சாப்பாடு ஊட்ட உதவும் சமூகப் பராமரிப்பு அப்படியல்ல. சேமிப்பும் சொத்தும் 23,250 பவுண்டைத் தாண்டினால் பொதுவாக முழுச் செலவும் அவருடையது. விலைவாசி இவ்வளவு ஏறியும் 2010 முதல் அந்த வரம்பு உயரவே இல்லை. இது அநியாயம்.

2020 அக்டோபரில், ஜெரமி ஹன்ட் தலைமையிலிருந்த இந்தக் குழு, 2023-24க்குள் ஆண்டுக்கு 700 கோடி பவுண்டு கூடுதலாகத் தேவை என்றது. அதுவும் ஆரம்பத் தொகைதான். சரி, பிறகு என்ன நடந்தது? 2022 நவம்பரில் அதே ஹன்ட் நிதியமைச்சராக, ஒருவர் பராமரிப்புக்குத் தன் கையிலிருந்து கட்டும் செலவுக்கு 86,000 பவுண்டு உச்சவரம்பு வைக்கும் திட்டத்தை இரண்டு ஆண்டு தள்ளிவைத்தார். 2024 ஜூலையில் புதிய அரசு அதைக் கைவிட்டது.

நோயாளி பாதுகாப்பும் இதோடு பிணைந்தது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லாததால் குணமானவர்கள் மருத்துவமனையிலேயே தங்குகிறார்கள்; அவசரப் பிரிவுக்கு வருபவர்களுக்குப் படுக்கை கிடைப்பதில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் குழுவின் பிடி கொஞ்சம் இறுக்கம். மருத்துவமனைகளையும் பராமரிப்பு இல்லங்களையும் ஆய்வு செய்யும் கேர் குவாலிட்டி கமிஷனின் தலைவராகப் பரிந்துரைக்கப்படுபவரை, நியமனத்துக்கு முன்பே குழு விசாரிக்கும். 2024இல் பென்னி டாஷ் தலைமையிலான மீளாய்வு அந்த ஆணையத்தில் பெரிய குறைகளைக் கண்டதால், அந்தக் கேள்விகள் இப்போது இன்னும் அவசியம்.