எந்திரத் தேய்மானம்: எந்த முறை பொருந்தும்?

கேள்வி: சிறிய அச்சகம் நடத்துகிறேன். புதிதாக ஓர் அச்சு எந்திரமும், பக்க வடிவமைப்புக்காக நான்கு கணினிகளும் வாங்கியிருக்கிறேன். தேய்மானத்துக்கு, ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கழிக்கும் நேர்கோட்டு முறையே போதும் என்கிறார் கணக்கர். தொடக்கத்தில் அதிகமாகவும் போகப்போகக் குறைவாகவும் கழிக்கும் குறைந்துசெல் மதிப்பு முறையில் எழுதினால் வரி மிச்சமாகும் என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தேய்மானம் என்பது பொருளின் விலையை அது பயன்படும் ஆண்டுகளுக்குச் செலவாகப் பங்கிட்டு எழுதுவது. எந்த முறையில் எழுதினாலும் மொத்தத் தேய்மானம் ஒன்றுதான். எந்த ஆண்டு எவ்வளவு சுமக்க வேண்டும் என்பது மட்டுமே மாறும். ஆகவே பொருளுக்குப் பொருள் முடிவெடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே முறை வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கணினிகளை எடுத்துக்கொள்வோம். விலை 100, பயன்படும் காலம் 5 ஆண்டுகள், கடைசியில் விற்றால் 10 கிடைக்கும் என்று வையுங்கள். கழிக்க வேண்டியது 90; நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 18. குறைந்துசெல் முறையில் ஒவ்வோர் ஆண்டும் ஏட்டு மதிப்பில், அதாவது இதுவரை கழித்தது போகக் கணக்கில் மீதமுள்ள தொகையில், ஏறத்தாழ 37 விழுக்காடு கழியும் (ஐந்தாம் ஆண்டு முடிவில் 10 நிற்க வேண்டிய விகிதம் இது): முதல் ஆண்டு 36.9, அடுத்து 23.3, பிறகு 14.7, 9.3, 5.8. இரண்டிலும் கூட்டுத்தொகை 90.

மூன்றாம் ஆண்டின் முடிவில் அவற்றை 30க்கு விற்கிறீர்கள் என்றால் வேறுபாடு கண்ணில் படும். நேர்கோட்டு முறையில் ஏட்டில் 46 நிற்கும், 16 நட்டம். மற்றதில் ஏறத்தாழ 25தான் நிற்கும், 5 இலாபம். கணினி விரைவில் பழையதாகிவிடும் பொருள். அதற்குக் குறைந்துசெல் முறையே உண்மைக்கு அருகில் வருகிறது. ஆண்டு ஏற ஏறப் பழுதுச் செலவு கூடும் எந்திரங்களுக்கும் இது பொருந்தும்: தேய்மானம் குறையும்போது பழுதுச் செலவு ஏறுவதால், ஆண்டுதோறும் மொத்தச் சுமை ஓரளவு சமமாகிவிடும். மேசை, அலமாரி போன்றவற்றுக்கு நேர்கோட்டு முறையைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம்.

அச்சு எந்திரத்துக்கு கணக்கரும் நண்பரும் பேசாத மூன்றாவது முறையைப் பரிந்துரைக்கிறேன்: உற்பத்தி அலகு முறை. எந்திரம் தேய்வது ஓடுவதால்தான், நாட்காட்டியால் அல்ல. அதன் ஆயுளில் 3 கோடி தாள் அச்சிடும், கழிக்க வேண்டியது 90 என்றால், 10 இலட்சம் தாளுக்கு 3. வேலை குவிந்து 80 இலட்சம் அச்சிட்ட ஆண்டில் 24. பாதியாகக் குறைந்த ஆண்டில் 12. வருமானம் மெலிந்த ஆண்டில் செலவும் மெலிகிறது. எந்திரத்தில் அச்சிட்ட தாள்களை எண்ணும் கருவி இருக்கிறதா, அதன் அளவை மாதந்தோறும் குறித்து வைப்பீர்களா என்பதுதான் நிபந்தனை. அந்தப் பழக்கம் இல்லையென்றால் நேர்கோட்டு முறைக்கே போய்விடுங்கள்.

அச்சிட்ட தாளுக்குப் பதிலாக, வந்த வருமானத்தை அளவுகோலாக்கத் தோன்றலாம். வேண்டாம். வருமானம் விலையேற்றத்தாலும் கூடும். எந்திரத்தின் தேய்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எந்திரம், கட்டடம் போன்ற சொத்துகளுக்கான பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 16 (IAS 16) இதை ஏற்பதில்லை.

நண்பர் சொன்ன வரி விஷயம் தனி. பல நாடுகளில் வரிச் சட்டமே தனி விகிதங்களை விதிக்கிறது. உங்கள் ஏட்டில் எந்த முறை இருந்தாலும் வரிக் கணக்கு அந்தச் சட்டத்தின்படியே போகும். தொடக்க ஆண்டுகளில் அதிகம் கழிக்க அனுமதி இருந்தாலும், வரி விகிதம் மாறாதவரை அது வரியைத் தள்ளிப்போடுவதுதான். அந்தப் பணம் சில ஆண்டுகள் உங்கள் கையில் புழங்கும் என்பது உண்மையான நன்மை. இதற்கெனத் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுமாறு கணக்கரிடம் சொல்லுங்கள்.

ஆயுளையும், கடைசியில் விற்றால் கிடைக்கும் எஞ்சிய மதிப்பையும் ஆண்டு முடிவில் ஒருமுறை சரிபாருங்கள். பயன்பாட்டின் போக்கு மாறியிருந்தால் முறையையும் மாற்றலாம். ஆனால் அது இனி வரும் ஆண்டுகளுக்கு மட்டுமே, முடிந்த கணக்குகளைத் திருத்த வேண்டாம்.